தொழில்முறை எழுத்து பாடம் எடுக்கலாமா? அப்பா வேண்டாம் என்கிறார்

பாகான்பொண்ணு | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். ஜார்ஜ்டவுனில் ஒரு கல்லூரியில் மின்னணுப் பொறியியல் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டு. அடுத்த செமஸ்டருக்கு ஒரு விருப்பப் பாடம் எடுத்தாக வேண்டும். இரண்டுதான் மிச்சம். ஒன்று பைத்தான் நிரலாக்கம். இன்னொன்று தொழில்முறை எழுத்து. மின்னஞ்சல், அறிக்கை, கூட்டக் குறிப்பு, முன்மொழிவு, வேலை விண்ணப்பம், கையேடு எல்லாம் எழுதக் கற்றுத் தருவார்களாம். 14 வாரம். வெள்ளிக்கிழமைக்குள் பதிவு செய்ய வேண்டும்.

எனக்கு எழுத்துப் பாடத்தின் மேல்தான் ஆசை. தொழிற்பயிற்சி கேட்டு இதுவரை 11 கம்பெனிகளுக்கு எழுதிவிட்டேன். ஒரு பதில்கூட வரவில்லை. மார்க் மோசமில்லை, மூவெட் ஆங்கிலத் தேர்வில் பேண்ட் 4.0. ஆனால் எழுத உட்கார்ந்தால் என்ன சொல்வது என்றே தெரிவதில்லை.

அப்பா லாரி ஓட்டுகிறார். "கடுதாசி எழுதவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்? கம்ப்யூட்டர் பாடத்தை எடு" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கட்டணம் கட்டுவது அவர்தான். வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், நான் என்ன செய்வது?


செந்தூல்காரன் | திங்கள், இரவு 9.40

தங்கச்சி, அப்பா சொல்வதைக் கேள். பைத்தான் எடு.

நான் கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் இதே மாதிரிப் பாடம் படித்தேன். தேதியை வலப்பக்கம் போடுவதா இடப்பக்கமா, பெயருக்கும் முகவரிக்கும் நடுவில் எத்தனை வரி இடைவெளி, கடைசியில் 'ஃபெய்த்ஃபுல்லி'யா 'சின்சியர்லி'யா. ஒரு செமஸ்டர் முழுக்க இதை மனப்பாடம் செய்து பரீட்சையில் கக்கினேன். நல்ல மார்க்தான் வாங்கினேன். அப்புறம் பங்சார் சவுத்தில் ஒரு கணக்கியல் சேவை மையத்தில் சேர்ந்தேன். பத்து வருஷம் ஆகிறது, அந்த இடைவெளியைப் பற்றி ஒருவர் கேட்டதில்லை. எழுதக் கற்றுக்கொண்டது முழுக்க வேலையில்தான். மேலாளர் அனுப்பும் மின்னஞ்சலைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். எழுத்து வேலையோடு தானாக வரும், நிரலாக்கம் தானாக வராது.


பாயான்லெப்பாஸ்_நைட்ஷிஃப்ட் | திங்கள், இரவு 11.55

பிரேக் நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

செந்தூல் தம்பி, வேலையில் கற்றுக்கொள்ளலாம் என்பது சரிதான். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்று சொல்கிறேன்.

எட்டு வருஷம் முன்னால் நான் வேறு ஒரு தொழிற்சாலையில், சர்க்யூட் போர்டு லைனில் இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர். போர்டில் பாகங்களைப் பதித்த பிறகு ஒரு நீண்ட அடுப்புக்குள் போகும். ரீஃப்ளோ அடுப்பு என்போம். உள்ளே மண்டலம் மண்டலமாகச் சூடு ஏறி, ஈயம் உருகி, ஒட்டி, ஆறி வெளியே வரும். அன்று விடியற்காலை ஒரு மண்டலத்தில் சூடு இரண்டு முறை இறங்கி ஏறியது. கண்ணால் பார்த்தேன். ஷிஃப்ட் முடிந்து போகும்போது கைமாற்றுப் புத்தகத்தில் இப்படி எழுதினேன்:

"லைன் 4 அடுப்பு கொஞ்சம் சரியில்லை. பார்த்துக்கொள்ளவும்."

காலை ஷிஃப்ட் பார்த்தார்கள். திரையில் எல்லாம் பச்சை. ஓட்டிவிட்டார்கள். பத்தரை மணிக்குத்தான் ஈயம் சரியாக உருகாத போர்டுகள் சோதனையில் விழ ஆரம்பித்தன. அதுவரை ஓடியது 600 போர்டுக்கு மேல். எல்லாவற்றையும் தனித்தனியாகச் சோதிக்க இரண்டு நாள் ஆனது. தூங்கிக்கொண்டிருந்த என்னை அழைத்துக் கேட்டார்கள். நான் சொன்ன பதில், "எழுதித்தானே வைத்தேன்!"

எழுதித்தான் வைத்தேன். ஆனால் படிப்பவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. அந்த இரண்டு வரிக்குப் பதில் இப்படி எழுதியிருக்க வேண்டும்:

"லைன் 4, ரீஃப்ளோ அடுப்பு, 5ஆம் மண்டலம். காலை 4.20க்கும் 5.05க்கும் இரண்டு முறை, வைத்த அளவைவிட 12 டிகிரி இறங்கியது. மூன்று நிமிடத்தில் தானாக ஏறிவிட்டது. டெக்னீசியன் இன்னும் பார்க்கவில்லை. முதல் போர்டு ஓட்டும் முன் சூட்டுப் புரொஃபைல் எடுக்கவும். இறக்கம் தெரிந்தால் லைனை நிறுத்தி அவரை அழைக்கவும்."

இதை எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது. எங்கே, எப்போது, எவ்வளவு, யார் என்ன செய்தார், நீ என்ன செய்ய வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தங்கச்சி, நீ படிக்கிற படிப்புக்கு இந்த மாதிரி இடத்துக்குத்தான் வருவாய். அந்தப் பாடத்தை எடு.


தமிழாசிரியை_பிரிக்பீல்ட்ஸ் | செவ்வாய், காலை 6.20

பள்ளிக்குப் போகும் முன் இதைப் படித்தேன், எழுதாமல் போக மனம் வரவில்லை.

எங்கள் மீதும் இதில் பழி உண்டு, மகளே. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். மலாய்த்தாளில் நீண்ட கட்டுரை 350 சொல்லுக்குக் குறையக் கூடாது என்கிறோம். மூவெட் எழுத்துத் தாளில் முதல் கேள்வி, கடிதத்துக்கோ மின்னஞ்சலுக்கோ குறைந்தது 100 சொல்லில் பதில். அடுத்தது குறைந்தது 250 சொல்லில் கட்டுரை. இந்த மூன்றுமே 'குறைந்தது'தான். 'இதற்கு மேல் எழுதாதே' என்று இவற்றில் சொல்வதில்லை. பதினோரு வருஷம் நீட்டி எழுதவே பிள்ளைகளைப் பழக்குகிறோம். வேலைக்குப் போனதும் எதிரில் இருப்பவருக்குப் படிக்க ஒரு நிமிடம்தான் இருக்கிறது. பேண்ட் 4.0 வாங்கியும் என்ன எழுதுவது என்று உனக்குத் தெரியவில்லை என்றால் அது உன் குறையில்லை. நீ எழுதியதெல்லாம் மார்க் போடுகிறவருக்காக. உன் எழுத்தை வைத்து ஒரு வேலையைச் செய்யப்போகிறவருக்கு நீ இன்னும் எழுதியதே இல்லை.

இதைப் பற்றி நம் மொழியில் நெடுங்காலமாகப் பேசியிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் பத்துக் குற்றம், பத்து அழகு என்று பட்டியலே போட்டிருக்கிறார். அவர் சொன்னது நூல் எழுதுகிறவர்களுக்கு. நான் என் மாணவர்களின் விண்ணப்பக் கடிதத்தையே அதை வைத்துத்தான் திருத்துகிறேன்.

மேலே அந்த அக்கா எழுதிய கைமாற்றுக் குறிப்பைப் பாருங்கள். சொல்ல வேண்டியதைவிடக் குறைத்துச் சொன்னது குன்றக் கூறல். 'கொஞ்சம் சரியில்லை' என்று இப்படியும் அப்படியும் பொருள் கொள்ள விட்டது மயங்க வைத்தல். இன்னும் இருக்கிறது: தேவைக்கு மேல் சொல்வது மிகைபடக் கூறல், சொன்னதையே சொல்வது கூறியது கூறல், பொருளில்லாமல் சொற்களைக் கோத்துக்கொண்டே போவது வெற்றெனத் தொடுத்தல், எடுத்த விஷயத்தை விட்டு வேறொன்றுக்குப் போவது மற்றொன்று விரித்தல். எனக்கு ரொம்பப் பிடித்தது சென்று தேய்ந்து இறுதல். பெரிதாக ஆரம்பித்து, போகப்போக மெலிந்து, முடிவு சொல்லாமலே முடிந்துபோவது. பள்ளிக்கு வரும் அறிக்கைகளில் பாதி அப்படித்தான் சாகின்றன.

நீ அனுப்பிய விண்ணப்ப மின்னஞ்சலை இங்கே போடு. பெயர், எண் எல்லாம் எடுத்துவிட்டுப் போடு. பார்க்கலாம்.


ஓய்வுபெற்ற_கிராணி | செவ்வாய், காலை 10.05

பினாங்கில் அரசாங்க அலுவலகத்தில் 33 வருஷம் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவன் நான். இப்போது ஓய்வு.

1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது என் அக்கா அங்கே வேலைக்குப் போனார். அப்போது கை வேகத்தைத்தான் பார்த்தார்கள், கண் கூர்மையைப் பார்த்தார்கள். எழுதத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. இன்று அதே இடத்தில் லைன் வேலைக்குக்கூட எழுத வேண்டியிருக்கிறது. அதனால் பிள்ளை ஆசைப்படுவது சரி.

செந்தூல் தம்பிக்கு ஒரு வார்த்தை. வடிவத்தை மனப்பாடம் செய்ய வைத்ததில் உங்களுக்குக் கோபம், புரிகிறது. வடிவம் எதற்கு என்று சொல்லித்தராமல் விட்டார்கள், அதுதான் தப்பு. மலாய் அலுவல் கடிதத்தை எடுங்கள். மேலே 'ருஜுக்கான் காமி', அதாவது நம் கோப்பு எண். அது இல்லாவிட்டால் பதில் வரும்போது எந்தக் கோப்பில் சேர்ப்பது? 'துவான்' என்று விளித்ததும், தடித்த எழுத்தில் விஷயத் தலைப்பு. கடிதத்தைப் பிரிப்பவர் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எந்த மேசைக்கு அனுப்புவது என்று முடிவு செய்வார். முதல் பத்திக்கு எண் கிடையாது. இரண்டாம் பத்தியிலிருந்து 2, 3, 4 என்று போடுவோம். ஏன்? பதில் எழுதுகிறவர் 'உங்கள் பத்தி 3' என்று சுட்டிக்காட்ட வேண்டும் அல்லவா? 'பெர்கிட்மாட் உந்தோக் நெகாரா' (நாட்டுக்குச் சேவை), 'சாயா யாங் மெனுருட் பெரிந்தா' (ஆணைக்குக் கீழ்ப்படியும்) என்று எங்கள் காலத்தில் முடிப்போம். அது மரியாதை. மற்ற ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது.

வேலைக்கு வந்த புதிதில் நானும் எல்லாவற்றையும் 'தெங்ஙான் ஹொர்மாட்ஞா, பெர்காரா டி ஆத்தாஸ் அடாலா டிருஜுக்', அதாவது 'மரியாதையுடன், மேற்கண்ட விஷயம் தொடர்பாக' என்றுதான் தொடங்குவேன். என் தலைமைக் கிராணி ஒரு சீன அம்மையார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "இதைப் படித்த ஆள் அடுத்து எழுந்து எங்கே போக வேண்டும்?" என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாவிட்டால் திரும்ப எழுத வேண்டும். ஒரு கடிதத்தை ஐந்து முறை எழுதியிருக்கிறேன்.


செந்தூல்காரன் | செவ்வாய், மதியம் 1.15

ஐயா, கோப்பு எண் விளக்கத்தை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் நான் அந்தப் பாடத்தை இப்படித் திட்டமாட்டேன். உண்மையாகச் சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸ் அக்கா விலை என்று சொன்னதும் எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. சேர்ந்த முதல் வருஷம். நம்மூரில் 'பதில் போடுங்கள்' என்பதற்கு 'கைண்ட்லி ரிவர்ட்' என்று எழுதுவோம் இல்லையா, எங்கள் ஆபீசில் எல்லாரும் அப்படித்தான். நானும் ஆஸ்திரேலியக் கிளையில் இருக்கும் ஒருவருக்கு, ஒரு கணக்குப் பதிவைத் திருத்திவிட்டு, "திருத்திவிட்டேன், ப்ளீஸ் ரிவர்ட்" என்று அனுப்பினேன். அவர்கள் ஆங்கிலத்தில் ரிவர்ட் என்றால் பழையபடி மாற்றுவது. அவர் என் திருத்தம் மொத்தத்தையும் எடுத்துவிட்டுப் பழைய கணக்கைப் போட்டுவிட்டார். மாதக் கடைசி. இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து திரும்பவும் செய்தேன்.

சரி, பாடம் உதவும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தங்கச்சி, ஐயாவுக்குக் கிடைத்த அந்த அம்மையார் மாதிரி ஒருவர் உன் கல்லூரியில் இருக்கிறாரா? எழுதியதைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுத வைப்பார்களா? எனக்குக் கிடைத்தது 'பி பிளஸ்' என்ற ஓர் எழுத்துதான். ஒரு வரியில்கூடச் சிவப்பு மை இல்லை. பதிவு செய்யும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பார். பரீட்சைக்கு எத்தனை விழுக்காடு, எத்தனை முறை வரைவு கொடுக்க வேண்டும், திருத்தி எத்தனை நாளில் தருவார்கள். பரீட்சைதான் பெரும்பங்கு என்றால் நான் இன்னமும் பைத்தான்தான் சொல்வேன்.


பாகான்பொண்ணு | செவ்வாய், மாலை 6.30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாளைக்கு விரிவுரையாளரிடம் பாடத்திட்டம் கேட்கிறேன். டீச்சர், மின்னஞ்சல் இதோ. ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் போடுகிறேன். கூச்சமாக இருக்கிறது.

"தலைப்பு: விண்ணப்பம்.
மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், மேற்கண்ட விஷயம் தொடர்பாக, புகழ்பெற்ற தங்கள் நிறுவனத்தில் தொழிற்பயிற்சி மேற்கொள்ள மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் கடின உழைப்பாளி. எதையும் விரைவாகக் கற்றுக்கொள்வேன். குழுவாகவும் தனியாகவும் பணிபுரியும் திறன் உண்டு. வாய்ப்புக் கிடைத்தால் கடினமாக உழைப்பேன் என உறுதியளிக்கிறேன். தன்விவரம் இணைக்கப்பட்டுள்ளது. தங்கள் மேலான பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்."

இதையேதான் 11 இடத்துக்கும் அனுப்பினேன்.


தமிழாசிரியை_பிரிக்பீல்ட்ஸ் | செவ்வாய், இரவு 8.10

கூச்சப்படாதே. நான் பார்த்த விண்ணப்பங்களில் பத்தில் ஒன்பது இப்படித்தான். கடின உழைப்பு இரண்டு முறை வந்திருக்கிறது, கூறியது கூறல். இது சின்னது. பெரியது வெற்றெனத் தொடுத்தல். இந்த மின்னஞ்சலை ஒரு கணக்கியல் மாணவியோ சமையல்கலை மாணவியோ ஓர் எழுத்து மாற்றாமல் அனுப்பலாம். எவருக்கும் பொருந்துவது உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாது.


பாயான்லெப்பாஸ்_நைட்ஷிஃப்ட் | செவ்வாய், இரவு 10.45

எங்கள் பிரிவுக்கு வரும் பயிற்சி விண்ணப்பங்களை இப்போது நானும் பார்க்கிறேன். எனக்கு வேண்டியது மூன்றே விவரம். எந்தத் தேதியிலிருந்து எத்தனை வாரம்? என்ன படிப்பு? கையால் என்ன செய்து பார்த்திருக்கிறாய்? முதல் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் காலி இடத்தோடு பொருத்திப் பார்க்கவே முடியாது, அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவேன். இணைப்பைத் திறந்து தேட நேரமில்லை. உன் மின்னஞ்சலில் மூன்றுமே இல்லை.

நீ ஏதாவது செய்து பார்த்திருப்பாயே, புராஜெக்ட்?


பாகான்பொண்ணு | செவ்வாய், இரவு 11.02

இருக்கிறது அக்கா. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய், மழை வந்தால் நிரம்பி வீட்டுக்குள் வரும். ஆர்டுயினோவும் (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்பலகை) அல்ட்ராசோனிக் சென்சாரும் (ஒலி அலையால் தூரம் அளப்பது) வைத்து, தண்ணீர் ஒரு மட்டத்தைத் தாண்டினால் போனுக்குத் தகவல் வருகிற மாதிரி செய்தேன். போர்டு சாலிடரிங் முழுக்க என் கையால். செப்டம்பரிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் ஏறின தேதி, நேரம் எல்லாம் பதிவாகும். ஆனால் இது வீட்டுக்குச் செய்தது, விண்ணப்பத்தில் போடலாமா?


பாயான்லெப்பாஸ்_நைட்ஷிஃப்ட் | செவ்வாய், இரவு 11.08

அடி பெண்ணே, அதைத்தான் முதலில் போட வேண்டும்!


சுபாங்_ஹேங்கர் | புதன், காலை 7.50

தாமதமாக வருகிறேன். சுபாங்கில் விமானப் பராமரிப்பு டெக்னீசியன் நான். எங்கள் தொழிலில் எழுத்துக்கென்று ஒரு தரமே இருக்கிறது: ஏ.எஸ்.டி. எஸ்.டி.இ. 100, எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத டெக்னீசியனும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக 1980களில் உருவாக்கியது. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளை. நிபந்தனை இருந்தால் அது முன்னால், செயல் பின்னால். எச்சரிக்கையைச் செயலுக்கு முன்பே எழுத வேண்டும், கையைச் சுட்டுக்கொண்ட பிறகு 'சூடாக இருக்கும்' என்று படித்து என்ன பயன்? ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். 'க்ளோஸ்' என்றால் மூடு. பக்கத்தில் என்ற அர்த்தத்தில் அந்தச் சொல்லை எழுதவே கூடாது, அதற்கு 'நியர்' என்ற சொல் இருக்கிறது. செந்தூல் அண்ணனின் 'ரிவர்ட்' கதையைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் பயிற்சியில் சொல்லித் தந்த ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். 2003 ஜனவரி 16இல் கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பியபோது, வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் அடித்தது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து, நாசாவுக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைத் தரவுகளைப் பார்த்தால் பயமில்லை என்று நினைக்க வைக்கிற மாதிரி இருந்தது. அதே ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில், கடைசி வரிகளில் இருந்த தகவல்: சோதித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம், அடித்ததாகக் கணித்த துண்டோ 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. சோதனையே இதற்குப் பொருந்தாது என்பதுதான் அந்த ஸ்லைடின் உண்மையான செய்தி. அது அடியில் புதைந்து கிடந்தது. பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பி வரும்போது ஓடம் சிதறியது, ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை இந்த ஸ்லைடையே எடுத்துப் போட்டு, இப்படி எழுதினால் மேலதிகாரி ஆபத்தைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடுவார் என்று கண்டித்தது.

விபத்துக்கு அது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொறியாளர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. எழுதியும் வைத்தார்கள். எந்த வரியை மேலே வைப்பது என்பதில்தான் செய்தி தொலைந்தது. நான் இதைப் படித்த அன்றிலிருந்து, எதை எழுதினாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். படிப்பவர் ஒரு வரியோடு நிறுத்திவிட்டால் அந்த ஒரு வரி எதுவாக இருக்க வேண்டும்?


பந்தாய்_மாணவன் | புதன், மதியம் 12.30

ஒரு சந்தேகம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போது சாட்ஜிபிடியிடம் சொன்னால் மின்னஞ்சலும் அறிக்கையும் நன்றாகவே எழுதித் தருகிறதே. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். இதற்கு 14 வாரம் தேவையா?


பாயான்லெப்பாஸ்_நைட்ஷிஃப்ட் | புதன், மாலை 4.40

இப்போதுதான் எழுந்தேன். நல்ல கேள்வி தம்பி. நாங்களும் அதைப் பயன்படுத்துகிறோம், இலக்கணம் திருத்த அருமையான உதவி. ஆனால் போன மாதம் நடந்ததைக் கேள். ஒரு பயிற்சி மாணவர், இயந்திரக் கோளாறு பற்றிய குறிப்பை அதில் போட்டு எழுதி வாங்கி வந்தார். படிக்க ரொம்ப அழகு. நடுவில் ஒரு வரி: 'உரிய திருத்த நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது.' யார் எடுத்தது என்று கேட்டேன். யாரும் எடுக்கவில்லை. அறிக்கை என்றால் அப்படி ஒரு வரி வரும் என்று அது போட்டிருக்கிறது, இவரும் கவனிக்கவில்லை. அந்த வரியை நம்பிக் காலையில் லைனை ஓட்டியிருந்தால்?

அடுப்புக்குப் பக்கத்தில் நின்றவர் நாம்தான். நடந்ததும் நடக்காததும் நமக்குத்தான் தெரியும். எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று பார்க்கத் தெரியாதவர் கையில் அது கொடுக்கிற எழுத்தும் ஆபத்துதான்.


செந்தூல்காரன் | புதன், மாலை 5.20

இதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மையத்தில் இப்போது புதியவர்களுக்கு எழுதுவதைவிடத் திருத்துவதுதான் பெரிய வேலை. திருத்தத் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சமாவது எழுதிப் பழகியிருக்க வேண்டும். தங்கச்சி, பாடத்திட்டம் என்ன ஆச்சு?


பாகான்பொண்ணு | வியாழன், இரவு 9.35

வாங்கிவிட்டேன் அண்ணா. பரீட்சை 30 விழுக்காடுதான். மீதி ஐந்து எழுத்து வேலைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரைவு. முதல் வரைவை வகுப்பில் இன்னொரு மாணவர் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும், அப்புறம் விரிவுரையாளர் திருத்தித் தருவார். கடைசி வேலை ஒரு கையேடு. அதை அந்தப் பொருளைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டு வர வேண்டுமாம். நாம் வாய் திறந்து உதவி செய்யக் கூடாதாம்.

விண்ணப்பத்தையும் மாற்றினேன்:

"தலைப்பு: தொழிற்பயிற்சி, மார்ச் 3 முதல் 20 வாரம், மின்னணுப் பொறியியல் டிப்ளோமா.
வணக்கம். மார்ச் 3 முதல் 20 வாரம் உங்கள் சோதனைப் பிரிவில் தொழிற்பயிற்சி செய்ய விரும்புகிறேன். கால்வாய் நீர்மட்டத்தை அளந்து போனுக்குத் தகவல் அனுப்பும் கருவி ஒன்றை வடிவமைத்து, சாலிடர் செய்து, செப்டம்பரிலிருந்து வீட்டில் இயக்கி வருகிறேன். முதல் இரண்டு வாரம் மழைநீர் சென்சாரில் பட்டுத் தவறான அளவு வந்தது. மறைப்புப் போட்டு, ஐந்து அளவுகளின் நடுமதிப்பை எடுக்கும்படி மாற்றியதும் சரியானது. படமும் பதிவுகளும் இணைப்பில் உள்ளன. வாரநாட்களில் பிற்பகல் 2 மணிக்கு மேல் நேரில் வர முடியும்."

இதை அப்பா மேசையில் பார்த்தார். எழுத்துக்கூட்டி மெதுவாக முழுதும் படித்தார். "இது நம்ம வீட்டுக் கால்வாயா?" என்றார். ஆமாம் என்றேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்து வந்தார். மூன்று வருஷமாக அந்தக் கால்வாய் பற்றி அவர் கொடுத்த புகார்க் கடிதங்களின் நகல். நான்கு இருக்கின்றன. பக்கத்து வீட்டு மாமாவைக் கேட்டு எழுதி வாங்கியவை. ஒன்றுக்கும் நேரான பதில் இல்லை. "நாளைக்கு அந்தப் பாடத்துக்குப் பேரைக் கொடுத்துடு. கொடுத்துட்டு வந்து இதை எழுது" என்றார்.

கிராணி ஐயா, நான்கு கடிதத்திலும் தலைப்பு 'புகார்' என்று மட்டும் இருக்கிறது. மலாயில்தான் எழுத வேண்டும் இல்லையா? எங்கிருந்து தொடங்குவது?


ஓய்வுபெற்ற_கிராணி | வியாழன், இரவு 10.20

ஆமாம் மகளே, மலாயில்தான். 'புகார்' என்று மட்டும் போட்டால் அது பொதுப் புகார் மேசையிலேயே கிடக்கும். தலைப்பில் வேலையைச் சொல்: கால்வாயைத் தூர்வாரி, உடைந்த கரையைப் பழுதுபார்க்க விண்ணப்பம். அதே வரியில் தெருப்பெயரும் எந்த எண் வீட்டிலிருந்து எந்த எண் வீடு வரை என்பதும் வர வேண்டும். அப்படி இருந்தால் வடிகால் பிரிவுக்கு நேராகப் போகும். முதல் பத்தியில் என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியம். பத்தி 2இல் உன் கருவி பதிந்த தேதியும் நேரமும், அட்டவணையாகப் போடு, பெருமூச்சு வேண்டாம். பத்தி 3இல் முந்தைய நான்கு கடிதங்களின் தேதி. அவர்கள் எப்போதாவது ஒப்புகைச் சீட்டு அனுப்பியிருந்தால் அதில் ஒரு கோப்பு எண் இருக்கும், அப்பாவின் உறையில் நன்றாகத் தேடு. அந்த எண் கிடைத்தால் கடிதத்தின் மேலேயே போடு. கடைசிப் பத்தியில், அதிகாரி இடத்தைப் பார்க்க வந்தால் யாரை எந்த நேரத்தில் அழைப்பது என்று எழுது.

எழுதிவிட்டு இங்கே போடு, பார்க்கிறேன். இரண்டாம் வரைவும் எழுத வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக இரு.


பாகான்பொண்ணு | வியாழன், இரவு 10.41

கோப்பு எண் கிடைத்துவிட்டது ஐயா! இரண்டாவது கடிதத்தின் பின்னால் ஸ்டேப்பிள் செய்து வைத்திருக்கிறார். அப்பாவும் நானும் இப்போதே உட்காருகிறோம்.